எடுக்காமல் விட்ட முதல் கணக்கு

திருநெல்வேலிச் சீமையில் ஜனங்களுக்கு ஏன் நோய் வருகிறது என்று டாக்டர்களை அனுப்பி அரசாங்கம் விசாரித்த கதை இருநூறு வருஷத்துக்கும் பழையது. 1809, 1810, 1811 மூன்று வருஷமும் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கம் ஒரு காய்ச்சல் பரவி, ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போனது. சென்னையில் இருந்த கும்பினி அரசாங்கம் மருத்துவக் குழு ஒன்றை அமைத்தது. குழுவில் ஒருவர் வில்லியம் ஐன்ஸ்லி. நம்மூர் நாட்டுமருந்துக் கடைச் சரக்குகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் புத்தகமாகவே வந்தது.

சரி, குழு என்ன கண்டுபிடித்தது? பருவம் தப்பிப் பெய்த மழை, சதுப்பிலிருந்து எழும் கெட்ட ஆவி. இவைதான் காரணம் என்றது. இன்றைக்கு அந்த அறிக்கையை வாசிக்கிறவர்கள் காய்ச்சலின் அடையாளங்களைப் பார்த்து மலேரியா என்கிறார்கள். கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். ஆக, 1811இல் காற்றின்மேல் போட்ட பழி தப்பு. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் தப்பில்லை. எந்த ஊரில் வந்தது, எந்த மாதத்தில் வந்தது, யாருக்கு வந்தது, பக்கத்து ஊருக்கு ஏன் வரவில்லை? காரணத்தைத் தவறவிட்டாலும் கணக்கெடுக்கிற முறையைக் கைவிடவில்லை.

இதே சீமையில் 180 வருஷம் கழித்து மறுபடியும் காற்றின்மேல் புகார் வந்தது. இந்தத் தடவை குழுக்களுக்குப் பஞ்சமில்லை, கருவிகளுக்குப் பஞ்சமில்லை, நீதிமன்றங்களுக்கும் பஞ்சமில்லை. ஐன்ஸ்லி குழு கேட்ட கேள்விகளை மட்டும் ரொம்பப் பிந்தித்தான் கேட்டோம். அந்தத் தாமதத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

*

தாமிரபரணி என்ற பெயருக்குள்ளேயே தாமிரம் இருக்கிறது. பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கம் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை. ஆறு பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. வழியில் உள்ள கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்துதான் ‘20 எம்.ஜி.டி. திட்டம்’ என்று ஊரில் சொல்கிற குழாய், ஒரு நாளைக்கு இரண்டு கோடி கேலன் என்ற கணக்கில், தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனது. தூத்துக்குடி 1986 அக்டோபரில் தனி மாவட்டம் ஆனது; அதுவரை திருநெல்வேலி ஜில்லாதான். இன்றைக்கும் தூத்துக்குடிக்காரருக்குப் பெரிய நோய் வந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழக்கம் உண்டு. நோயும் தண்ணீரும் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை.

துறைமுகம், உரத் தொழிற்சாலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் எழுபதுகளிலேயே வந்துவிட்டன. அதன்பிறகு வந்தது ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை. முதலில் அது வந்த இடம் தூத்துக்குடி இல்லை. 1992இல் மகாராஷ்டிர அரசு ரத்னகிரியில் 500 ஏக்கர் ஒதுக்கியது. அல்போன்சா மாம்பழம் விளைகிற பூமி. விவசாயிகள் எழுந்தார்கள். 1993 ஜூலையில் வேலையை நிறுத்தச் சொல்லி அங்கே உத்தரவானது. அடுத்த வருஷமே தமிழ்நாடு இடம் கொடுத்தது. மீளவிட்டான் கிராமத்து எல்லையில் சிப்காட் வளாகம்.

தாமிரம் உருக்குவது என்றால் என்ன என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலே வரும் எண்கள் புரியாது. கப்பலில் வந்து இறங்குகிற தாமிரத் தாதுத்தூளில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் தாமிரம். இன்னொரு பங்கு இரும்பு, மற்றொரு பங்கு கந்தகம். கூடவே கொஞ்சம் ஆர்செனிக், ஈயம் மாதிரியான விருந்தாளிகள். உலையில் போட்டு எரித்தால் கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாகிறது. அதைப் பிடித்துக் கந்தக அமிலம் ஆக்குவார்கள். பிடிபடாதது புகைபோக்கி வழியாக வெளியே போகும். இரும்பு மணலோடு சேர்ந்து கசடாகக் கறுத்து உறையும். ஒரு டன் தாமிரம் எடுத்தால் அதைவிட அதிகமாகக் கசடு கிடைக்கும். அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கந்தக டை ஆக்சைடு மூக்கின் ஈரத்தில், தொண்டையின் ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிறது. ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிஷத்திலேயே மூச்சுக்குழல் சுருங்கும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளது, யாரும் மறுப்பதில்லை. வழக்கு எப்போதும் வேறொரு இடத்தில்தான் நடக்கும்: இந்த ஊரில், இந்த மனிதருக்கு வந்த இருமலுக்கு இந்தப் புகைதான் காரணமா?

*

1994 ஆகஸ்ட் 1ஆம் தேதி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடையில்லாச் சான்று கொடுத்தது. அதில் இரண்டு நிபந்தனைகள் பிற்பாடு பிரபலமாயின. மன்னார் வளைகுடாவின் சூழலியல் முக்கியத்துவம் உள்ள பகுதியிலிருந்து ஆலை 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரம் வளர்க்க வேண்டும். ஆலை நின்றது அந்த 25 கிலோமீட்டருக்கு உள்ளேதான். 250 மீட்டர் பசுமைப் பட்டை, நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 25 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 1995 ஜனவரி 16இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி. 1996 அக்டோபர் 14இல் இயங்க அனுமதி. மூன்று வாரத்தில், நவம்பர் தொடக்கத்திலேயே, சென்னை உயர் நீதிமன்றத்தில் அனுமதியை எதிர்த்து வழக்கு.

இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கும்போது ஒன்று என் கண்ணில் பட்டது. நிபந்தனையெல்லாம் மீட்டரிலும் கிலோமீட்டரிலும் இருக்கின்றன. மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பதுகூட அன்றைக்குக் கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கிய திருத்தம் வந்தது 1997 ஏப்ரலில், ஆலை ஓடத் தொடங்கியபிறகு. வேண்டுமா வேண்டாமா என்றே கேட்கச் சொல்லாத சட்டம், உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு வீசிங் இருக்கு, எத்தனை பிள்ளைகளுக்கு ராத்திரி இருமல் இருக்கு என்றா கேட்கச் சொல்லியிருக்கும்?

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் மீதிக் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது. ஒரு ஊரின் உடம்பு கெட்டது என்று சொல்ல வேண்டுமென்றால், கெடுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். கடையில் எடை போடும்போது முதலில் வெறும் தட்டைச் சரிபார்ப்போமே, அதுபோல. நம் ஊர்களில் தராசுத் தட்டு ஏற்கெனவே நிறைந்தபிறகுதான் தராசையே கொண்டுவருகிறார்கள்.

1997 ஜூலை 5ஆம் தேதி, பக்கத்தில் இருந்த உலர்மலர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மூச்சுத்திணறி விழுந்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆகஸ்டில் பக்கத்து மின்வாரியத் துணைமின் நிலைய ஊழியர்களிடமிருந்து தலைவலி, இருமல், தொண்டை அடைப்பு என்று புகார். 1999 மார்ச் 2ஆம் தேதி அகில இந்திய வானொலி நிலையத்து ஊழியர்கள் மூச்சு முட்டுவதாகச் சொன்னார்கள். ஆலையிலிருந்து வாயு கசிந்ததுதான் காரணம் என்று ஜனங்கள் சொன்னார்கள். நிறுவனம் ஒவ்வொரு முறையும் மறுத்தது. இடையில் 1998 நவம்பரில் நாக்பூர் நீரி நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்து உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. டிசம்பரில் திறக்க அனுமதித்தது. 1999 பிப்ரவரியில் அதே நீரி எழுதிய அடுத்த அறிக்கை ஆலைக்குச் சாதகமாக இருந்தது.

மூடு, திற, மறுபடி மூடு. இருபது வருஷம் இதுவே ராகம். ஆனால் மயங்கி விழுந்த அந்தப் பெண்களுக்கு ஐந்து வருஷம் கழித்து மூச்சு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு இந்த ராகத்தில் இடமில்லை.

*

வீடு வீடாகப் போய் நோய்க் கணக்கெடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது, ஆலை எதுவும் இல்லாத ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு கணக்கெடுப்புக்குப் போனேன். கையில் அச்சடித்த படிவம். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம் கேட்டேன்.

“ஆச்சி, ரெண்டு வாரத்துல இருமல் ஏதும் உண்டுமா?”

“இருமலா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுய்யா. நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஆச்சி ஒரு நிமிஷம் குனிந்து இருமினார். நான் படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். “இது எப்பமும் உள்ளதுல்லா. இதப் போயி நோய்னு எழுதுவியா?”

பொதுச் சுகாதாரப் பாடத்தில் உள்ள பாதிச் சிக்கல் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. எப்போதும் இருப்பது நோயாகத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே இருமல், எதிர்வீட்டுக்காரருக்கும் அதே இருமல் என்றால், அது அந்த ஊர்த் தண்ணீர்வாகு, அந்த ஊர்க் காற்று. ஒப்பிட இன்னொரு ஊர் வேண்டும், இல்லாவிட்டால் அதே ஊரின் பழைய கணக்கு வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆச்சியின் இருமல் எந்த ஆவணத்திலும் ஏறாது. ஆச்சி சுற்றிய பீடியின் தூளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். ஒரு நுரையீரலுக்குள் பல புகைகள் போகின்றன. விறகடுப்பு, பீடி, லாரி, அனல்மின் நிலையம், உருக்காலை. எந்தப் புகை எவ்வளவு என்று பிரிப்பதற்குத்தான் ஆய்வே.

*

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கியது. அதன் சமுதாய மருத்துவத் துறை 2008இல், ஸ்டெர்லைட் ஆலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களின் உடல்நிலையைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்தவர்கள் 80,725 பேர். உங்களில் கள ஆய்வு செய்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். முந்நூறு பேரிடம் கேட்டுவிட்டு முனைவர் பட்டம் வாங்குகிற நாட்டில் எண்பதாயிரம் பேர்.

அறிக்கையின் முக்கியமான முடிவுகள் இவை. மூச்சு சம்பந்தமான நோய்கள் 13.9 சதவீதம் பேருக்கு. ஆஸ்துமாவோடு சேர்ந்த மூச்சுக்குழல் அழற்சி 2.8 சதவீதம், மாநில சராசரி 1.29. அதாவது இரண்டு மடங்குக்கு மேல். பெண்களிடம் மாதவிடாய்க் கோளாறுகள் கூடுதலாகத் தெரிந்தன. குமரெட்டியாபுரம், தெற்கு வீரபாண்டியபுரம் ஆகிய ஊர்களின் நிலத்தடி நீரில் இரும்பு, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 17 முதல் 20 மடங்கு.

சதவீதம் என்பது முகமில்லாத சொல். அதனால் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80,725 பேரில் மாநில சராசரிப்படி என்றால் சுமார் 1,040 பேருக்கு அந்த மூச்சுக்குழல் நோய் இருக்கலாம். 2.8 சதவீதம் என்றால் சுமார் 2,260 பேர். வித்தியாசம் 1,200க்கும் மேல். நம் கிராமங்களில் ஒரு நடுத்தர ஊரின் மொத்த ஜனத்தொகை அது. ஒரு ஊர் முழுக்க, சராசரிக்கு மேல், இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது.

இனி எதிர்க்கட்சி வக்கீலாக நின்று பார்ப்போம். அந்த வட்டாரத்தில் உருக்காலை மட்டுமா இருக்கிறது? அனல்மின் நிலையம் இல்லையா, துறைமுகத்துக்குப் போகிற லாரி இல்லையா? மாநில சராசரி என்றால் அதில் கொடைக்கானலும் உண்டு, வயல்காடும் உண்டு. தொழில் நகரத்தை அதோடு ஒப்பிடலாமா? நிலத்தடி நீரில் இரும்பு இயற்கையாகவே இருக்கும் பூமி எத்தனையோ இருக்கிறதே? எல்லாவற்றுக்கும் மேலாக, 1996க்கு முன்னால் இதே 80,725 பேர் வாழ்கிற வட்டாரத்தில் விகிதம் என்ன? அப்போதும் 2.8 ஆக இருந்திருந்தால்?

இவை குதர்க்கமான கேள்விகள் இல்லை, நியாயமான கேள்விகள். முதல் மூன்றுக்கும் உழைத்தால் பதில் உண்டாக்கலாம். தொழிற்சாலைகள் உள்ள, ஆனால் உருக்காலை இல்லாத இன்னொரு ஊரோடு ஒப்பிடலாம். ஆலைக்கு நெருங்க நெருங்க நோய் கூடுகிறதா என்று கிலோமீட்டர் வாரியாகப் பிரிக்கலாம். கிணற்றுத் தண்ணீரில் இரும்போடு கசடுக்கே உரிய மற்ற உலோகங்களும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்கலாம். நாலாவது கேள்விக்கு 2008இல் உட்கார்ந்துகொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய நாள் 1994. அன்றைக்குக் கேட்காததன் லாபம் எப்போதும் ஒரே தரப்புக்குத்தான் போகும். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இருமுகிறவர்மேல் இருக்கும்வரை, தெரியாமை என்பது ஆலைக்குக் கிடைத்த இலவச காப்பீடு.

*

நீதிமன்றங்கள் இந்த உடம்புக் கணக்கை என்ன செய்தன?

2010 செப்டம்பர் 28இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. மூன்றே நாளில், அக்டோபர் 1இல், உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. 2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடியில் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல். 29ஆம் தேதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடியது. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 2ஆம் தேதி, 2010 வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மூடும் உத்தரவு ரத்து. ஆனால் உரிய இசைவு இல்லாமல் இயங்கிய காலத்துக்கும் சூழலைக் கெடுத்ததற்கும் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும்.

நூறு கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம் 2010–11இல் 1,043 கோடி என்று நிறுவனத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அதில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் தடுக்கிற விளைவு இருக்காது என்று நீதிமன்றம் கருதியது. அப்படி வந்தது நூறு கோடி. பணம் ஆட்சியர் பெயரில் வங்கியில் போட்டுவைக்கப்பட்டு, வட்டியை மண், நீர் முதலான சூழல் மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும் என்பது உத்தரவு.

பெரிய நிறுவனத்துக்கு உறைக்கிற மாதிரி இழப்பீடு இருக்க வேண்டும் என்ற நெறியில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் தொகை நிறுவனத்தின் லாபத்திலிருந்து எண்ணப்பட்டது, எண்பதாயிரம் பேரின் மூச்சிலிருந்து எண்ணப்படவில்லை. இத்தனை நோயாளி, இத்தனை வருஷ மருந்து, இத்தனை நாள் கூலியிழப்பு என்று யாராவது கணக்குக் கொடுத்திருந்தால் அந்தத் தீர்ப்பின் கணிதமே வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். லாபத்துக்குத் தணிக்கை செய்த ஆண்டறிக்கை வருஷா வருஷம் வருகிறது. ஊரின் உடம்புக்கு அப்படி ஒன்று இல்லை.

2013 மே கடைசியில் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்க அனுமதித்தது. ஐந்து வருஷம் ஓடியது. உற்பத்தியை வருஷத்துக்கு நாலு லட்சம் டன்னிலிருந்து எட்டு லட்சம் டன்னாக்கும் விரிவாக்கம் தொடங்கியபோது, 2018 பிப்ரவரியில், குமரெட்டியாபுரத்து ஜனங்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். 2008 அறிக்கையில் தண்ணீர்க் கணக்கில் பெயர் வந்த அதே ஊர். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. அறிக்கையை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, குடத்தில் தெரிந்தது.

ஏப்ரல் 9ஆம் தேதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. காரணங்கள்: நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைக் கொடுக்கவில்லை, உப்பாற்றிலும் பட்டா நிலத்திலும் கொட்டிய கசடை அகற்றவில்லை, அபாயக் கழிவைக் கையாளும் அங்கீகாரம் 2013லேயே காலாவதி, காற்றில் ஆர்செனிக் அளவைப் பரிசோதித்துக் காட்டவில்லை, ஜிப்சம் குட்டை விதிப்படி கட்டவில்லை. ஐந்தையும் திரும்ப வாசியுங்கள். முதலும் நாலாவதும் “அளந்து காட்டவில்லை” என்ற குற்றச்சாட்டுகள். 22 வருஷம் ஓடிய ஆலையைப் பற்றி நமக்குத் தெரியாதவை என்ற பட்டியலாகவும் இதை வாசிக்கலாம்.

மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. அன்றைக்கும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். மே 28இல் ஆலையை நிரந்தரமாக மூடும் அரசாணை. 2020 ஆகஸ்ட் 18இல் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுக்களை நிராகரித்தன. வட்டார மக்களின் உடல்நலத்துக்கு முதன்மை இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் இந்தத் தடவை வெளிப்படையாகவே சொன்னது. ஆலை ஓடத் தொடங்கிய 1996இல் பிறந்த பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி கணக்கெடுத்தபோது 12 வயது, துப்பாக்கிச்சூட்டின்போது 22 வயது, இந்தத் தீர்ப்பின்போது 28 வயது.

*

இது தூத்துக்குடியின் தலைவிதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் லவ் கெனால் என்ற குடியிருப்பு. ரசாயன நிறுவனம் ஒன்று சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்த கால்வாய்க்கு மேலேயே பள்ளிக்கூடமும் பக்கத்தில் வீடுகளும் வந்தன. 1978இல் லூயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாயும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பெவர்லி பைகன் என்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளர் உதவினார். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், பழைய ஓடை ஓடிய தடங்களை ஒட்டிய வீடுகளில் நோய் கூடுதல். குடும்பத் தலைவிகள் எடுத்த கணக்கு என்று அதிகாரிகள் முதலில் ஒதுக்கினார்கள். கடைசியில் அந்தக் குடியிருப்பே காலி செய்யப்பட்டது.

போபாலில் 1984 டிசம்பர் விஷவாயுவுக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் செய்தது இன்னும் பெரிய வேலை. வாயு பட்ட பகுதிகளில் சுமார் 80,000 பேர், படாத பகுதியில் சுமார் 16,000 பேர் என்று பிரித்து வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். நம் 80,725க்கு இல்லாத இரண்டும் அதில் இருந்தன: ஒப்பிட ஒரு கூட்டம், திரும்பத் திரும்பப் போகிற ஏற்பாடு. ஆனால் 1994இல் நிறுத்திவிட்டார்கள். தொகுத்த அறிக்கை வெளிவர இன்னும் பத்து வருஷம் ஆனது.

இதையெல்லாம்விட நமக்கு நெருக்கமான பாடம் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு எஃகு ஆலை. 1986 ஆகஸ்டில் தொழில் தகராறில் மூடியது, 13 மாதம் கழித்துத் திறந்தது. ஆர்டன் போப் என்ற ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. 1989இல் கட்டுரையாக வந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலும் ஆலை வருவதற்கு முந்தைய கணக்கு இல்லை. போப் அதைத் தேடவில்லை. ஆலை நின்றபோது என்ன ஆனது என்று பார்த்தார். காற்று மாசைப் பற்றிய உலகச் சட்டங்களை மாற்றிய ஆய்வுவரிசையில் அது முன்வரிசைக் கட்டுரை.

1994இல் நாம் விட்ட முதல் கணக்கை இனிமேல் எடுக்க முடியாது. ஆனால் ஒரு மாற்று 2018இலிருந்து நம் கையில் இருக்கிறது. அந்த வருஷம் உலை நின்றது. அனல்மின் நிலையம் நிற்கவில்லை, லாரிகள் நிற்கவில்லை, பீடியும் விறகடுப்பும் நிற்கவில்லை. “எந்தப் புகை?” என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டாரே, அதற்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. 2008இல் யாரிடம் கேட்டார்களோ அதே வட்டாரத்தில், அதே படிவத்தோடு, அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். 2.8 குறைந்திருக்கிறதா? குமரெட்டியாபுரத்துத் தண்ணீரில் இரும்பு இறங்கியிருக்கிறதா, அல்லது கொட்டிய கசடு இன்னும் கரைந்துகொண்டே இருக்கிறதா? 2018க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் நுரையீரலுக்கும் அவர்களின் அண்ணன் அக்கா நுரையீரலுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? அரசு ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளிப் பதிவேடுகளை 2018க்கு முன், பின் என்று பிரித்தாலே பாதி வேலை முடியும்.

பதில் யாருக்குச் சாதகமாக வரும் என்று எனக்குக் கவலையில்லை. குறைந்திருந்தால், அடுத்த ஆலைக்கு அனுமதி கொடுக்கும் மேஜையில் அந்த எண் இருக்க வேண்டும். குறையவில்லை என்றால், அந்த ஜனங்களின் மூச்சை இழுத்துப்பிடிப்பது வேறு எது என்று தேடிப் போக வேண்டும். உருக்காலையை மூடியதோடு நம் கடமை முடிந்தது என்று கை கழுவக் கூடாது. இரண்டில் எதுவானாலும் நஷ்டம், தெரியாமல் இருப்பதில்தான்.

காலம் ஓடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008இல் படிவத்துக்குப் பதில் சொன்ன பெரியவர்கள் பலர் இன்று இருக்க மாட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் வேறு ஊரில் இருப்பார்கள், வேலைக்குப் போன பையன்கள் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த 80,725 கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டிருக்கிறது. ஹைகிரவுண்டிலிருந்து தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.